மெய்நிகர் கணினியில் இயங்குதளம் நிறுவுதல்: முதன்முறையாக முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸைத் தொடாமல், அதற்குள்ளேயே ஒரு சாளரத்தில் லினக்ஸையோ இன்னொரு விண்டோஸையோ ஓட்டிப் பார்க்க மெய்நிகர் கணினி மென்பொருள்கள் உதவுகின்றன. இதைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் "அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டபோது தெரிந்தது வேறு. நிறுவும் படி எளிதானது. தொல்லை கொடுப்பவை அதற்கு முன்பு செய்ய வேண்டிய ஆயத்தங்களும், நிறுவி முடித்த பிறகு செய்யாமல் விட்டுவிடும் சில வேலைகளும்தான். ஆகவே இந்தக் கட்டுரை அந்த இரண்டு இடங்களிலும் அதிக நேரம் நிற்கும்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் உண்மையாக ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் ஹோஸ்ட். சாளரத்துக்குள் நீங்கள் நிறுவப்போவது கெஸ்ட். நீங்களே பகிர்ந்து கொடுக்கும் கோப்புறையைத் தவிர, கெஸ்ட்டின் சாளரத்துக்குள் எதை அழித்தாலும், எதைக் கெடுத்தாலும் ஹோஸ்ட்டில் உள்ள உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கி, கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் நிரல்) அமைப்பை மாற்றுவது, விண்டோஸின் சில வசதிகளை நிறுத்துவது, வட்டில் இடம் ஒதுக்குவது ஆகியவை ஹோஸ்ட்டைத் தொடும் வேலைகள். ஒவ்வொரு படியிலும் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால், தேவையற்ற இடத்தில் பயப்படவும் மாட்டீர்கள், கவனம் தேவைப்படும் இடத்தில் அசட்டையாக இருக்கவும் மாட்டீர்கள்.

எடுத்துக்காட்டாக, விண்டோஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைக் கொண்டு உபுண்டு 24.04 நிறுவுவதை எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 11-ஐ கெஸ்ட்டாக நிறுவ விரும்புவோருக்குத் தனியே ஒரு பகுதி உண்டு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ரேம். கெஸ்ட்டுக்கு ஒதுக்கும் ரேம், அது ஓடும் நேரம் முழுவதும் ஹோஸ்ட்டுக்குக் கிடைக்காது. உபுண்டு 24.04-இன் மேசைக்கணினிப் பதிப்புக்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி வட்டு இடமும் வேண்டும் என்று அதன் வெளியீட்டாளர்கள் குறிப்பிடுகிறார்கள். எனவே உங்கள் கணினியில் மொத்தம் 8 ஜிபியாவது இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து மூச்சுத் திணறாமல் ஓடும். 4 ஜிபி மட்டுமே இருந்தால் உபுண்டுவை விட்டுவிட்டு, லுபுண்டு போன்ற எடை குறைந்த ஒன்றையோ, மேசைத்திரை இல்லாத சர்வர் பதிப்பையோ தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வட்டு இடம். ஐஎஸ்ஓ கோப்புக்கு (இயங்குதளத்தின் நிறுவல் வட்டு முழுவதும் ஒரே கோப்பாக இருப்பது) ஏறத்தாழ 6 ஜிபி, மெய்நிகர் வட்டுக்குக் குறைந்தது 25 ஜிபி, பிறகு கெஸ்ட்டின் நிலையைப் பதிந்து வைக்க எடுக்கப்போகும் ஸ்னாப்ஷாட்டுகளுக்குக் கொஞ்சம் என்று கூட்டினால், 50 ஜிபி காலியாக இருப்பது நல்லது. அந்த இடம் எஸ்எஸ்டியில் இருந்தால் வேகத்தில் பெரிய வேறுபாடு தெரியும். பென்டிரைவிலோ வெளி வட்டிலோ வைக்க நினைத்தால், அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பைச் சேமிக்க முடியாது என்பதால் ஐஎஸ்ஓ கோப்பே அதில் ஏறாது. கிளவுடோடு தானாக ஒத்திசையும் கோப்புறைகளையும் தவிர்த்துவிடுங்கள். கெஸ்ட் ஓடும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் பல ஜிபி கோப்பை அவை திரும்பத் திரும்ப மேலேற்ற முயலும்.

மூன்றாவது, உரிமங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைப் பொதி கட்டற்ற மென்பொருள். எவரும் எதற்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதன் பதிவிறக்கப் பக்கத்தில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் பொதியின் உரிமம் வேறு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே அது இலவசம். அலுவலகத்தில் பயன்படுத்தினால் கட்டண உரிமம் வேண்டும். பழைய குறிப்புகளில் யுஎஸ்பி வேலை செய்ய அது தேவை என்று எழுதியிருப்பார்கள். 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2, யுஎஸ்பி 3 ஆதரவு அடிப்படைப் பொதிக்குள்ளேயே வந்துவிட்டதால், புதியவர்கள் எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தொடவே தேவையில்லை. உபுண்டுவுக்கு எந்தச் சாவியும் கட்டணமும் கிடையாது. விண்டோஸை கெஸ்ட்டாக நிறுவினால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கருவியோடு கட்டுண்டது, அதை உள்ளே இருக்கும் மெய்நிகர் கணினிக்குப் பயன்படுத்தக் கூடாது.

நான்காவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. உங்கள் விண்டோஸ் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், பயாஸில் ஏதாவது மாற்றிவிட்டு வந்ததும் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் உங்கள் சொந்தக் கோப்புகளுக்கே வழி அடைபட்டுவிடும். அடுத்த படிக்குப் போகும் முன், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப்பக்கத்தில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதியோ கைபேசியில் படமெடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினி என்றால் சாவி அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம்தான் இருக்கும். அவர்களின் அனுமதியின்றி இந்த வேலையில் இறங்காதீர்கள்.

2. செயலியின் மெய்நிகராக்க வசதியை இயக்குதல்

இன்டெல் செயலிகளில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி செயலிகளில் ஏஎம்டி-வி என்றும் அழைக்கப்படும் வசதி, 64-பிட் கெஸ்ட்டுகள் ஓடுவதற்குத் தேவை. செயலியில் அது இருந்தாலும், பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்.

முதலில் நிலையைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதை அழுத்தினால், வரைபடத்துக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரி இருக்கும். அது எனேபிள்ட் என்று இருந்தால் பயாஸுக்குப் போக வேண்டியதே இல்லை. இந்தப் படியின் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

டிஸேபிள்ட் என்று இருந்தால் பயாஸுக்குள் போக வேண்டும். எந்த விசையை அழுத்துவது என்பது கணினிக்குக் கணினி மாறும் என்பதால், விண்டோஸ் வழியாகவே போவது நல்லது. செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி என்று சென்று, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்பதற்கு எதிரே உள்ள ரீஸ்டார்ட் நவ் பொத்தானை அழுத்துங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகத் தேர்ந்தால் கணினி நேரே பயாஸில் திறக்கும்.

அங்கே இன்டெல் கணினி என்றால் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்ற பெயரையும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்ற பெயரையும் தேடுங்கள். பெரும்பாலும் அட்வான்ஸ்டு அல்லது சிபியு அமைப்புகளுக்குள் இருக்கும். அருகிலேயே விடி-டி, ஐஓஎம்எம்யு என்ற பெயர்களும் தென்படலாம். அவை வேறு வேலைக்கானவை. அவற்றை இயக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். மாற்றத்தைச் சேமித்து வெளியேறி, மீண்டும் டாஸ்க் மேனேஜரில் சரிபாருங்கள். பயாஸில் வேறு எதையும் தொடாதீர்கள்.

இனி, இதே படியில் வரும் இன்னொரு சிக்கல். விண்டோஸ் தானே ஹைப்பர்-வி என்ற மெய்நிகராக்க அடுக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் செயலியை நேரடியாக அணுக முடியாமல் அந்த அடுக்கின் வழியாகச் செல்ல வேண்டியிருக்கும். கெஸ்ட் ஓடும், ஆனால் மந்தமாக ஓடும். கெஸ்ட் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால் இதுதான் காரணம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் உள்ள ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவையும், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்பதற்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டியும் இந்த அடுக்கை உயிரோடு வைத்திருப்பவை. இவற்றை அணைத்தால் ஆமை போய்விடும். ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வசதியும் அதை நம்பியிருக்கும் டாக்கர் டெஸ்க்டாப்பும் நின்றுபோகும், மெமரி இன்டெக்ரிட்டி தரும் பாதுகாப்பும் போகும். என் கருத்து இது: முதலில் ஆமையோடே ஓட்டிப் பாருங்கள். கற்றுக்கொள்வதற்கு அந்த வேகம் போதுமானதாக இருந்தால் ஹோஸ்ட்டின் பாதுகாப்பைக் குறைக்காதீர்கள்.

3. மென்பொருளைத் தேர்ந்து நிறுவுதல்

விண்டோஸ் ப்ரோ பதிப்பில் ஹைப்பர்-வி கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் அது இல்லை. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் அலுவலகப் பயன்பாட்டுக்கும் சேர்த்தே இலவசம். பதிவிறக்க அதன் உரிமையாளரான பிராட்காமின் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். லினக்ஸ் ஹோஸ்ட் என்றால் கேவிஎம்மும் அதைக் கையாளும் விர்ட்-மேனேஜரும் நல்ல தேர்வு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் புதியவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸைப் பரிந்துரைக்கிறேன்.

மேக் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்1 முதலான ஆப்பிள் செயலிகள் ஏஆர்எம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கெஸ்ட்டும் ஏஆர்எம் வகையாக இருந்தால்தான் இயல்பான வேகம் கிடைக்கும். இன்டெல்லுக்கான ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கிவிட்டு, அது ஏன் தொடங்கவில்லை என்று தேடுவோர் பலர். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 முதல் இந்த மேக்குகளில் ஏஆர்எம் லினக்ஸை ஓட்டலாம்; யுடிஎம் என்ற இலவச மென்பொருளும் உண்டு.

விர்ச்சுவல்பாக்ஸின் நிறுவல் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். நிறுவும்போது மூன்று செய்திகள் வரக்கூடும். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று வந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதை நிறுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பைத்தான் தொடர்பான கூறுகள் இல்லை என்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். தன்னியக்க நிரல்கள் எழுதுவோருக்கு மட்டுமே அது தேவை. இணைய இணைப்பு சற்று நேரம் துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கை உண்மையானது. பெரிய பதிவிறக்கமோ காணொளிச் சந்திப்போ நடந்துகொண்டிருந்தால் அது முடிந்த பிறகு நிறுவுங்கள்.

நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிரிஃபரன்ஸஸ் சாளரத்தில் டிஃபால்ட் மெஷின் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. மாற்றாவிட்டால் எல்லாம் சி டிரைவில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் போய்ச் சேரும். அங்கே இடம் குறைவென்றால் இப்போதே வேறு டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

4. ஐஎஸ்ஓ கோப்பைப் பெற்றுச் சரிபார்த்தல்

உபுண்டுவின் அதிகாரபூர்வத் தளத்தில் 24.04 எல்டிஎஸ் மேசைக்கணினிப் பதிப்பை எடுங்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். இடையில் வரும் மற்றப் பதிப்புகளுக்கு 9 மாதங்கள் மட்டுமே. விநாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இந்த 6 ஜிபி கோப்பு இறங்க 40 நிமிடங்கள் ஆகும். அளவு வரம்புள்ள இணையத் திட்டம் என்றால் முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கியதை யுஎஸ்பியில் எழுத வேண்டாம், விரித்தெடுக்கவும் வேண்டாம், கோப்பாகவே இருக்கட்டும்.

அடுத்து, கோப்பு முழுமையாக வந்ததா என்று சரிபாருங்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் நிறுவல் பாதியில் விளங்காத பிழையோடு நிற்கும், அதன் காரணத்தை அவர்கள் மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் தேடிக்கொண்டிருப்பார்கள். தளத்தில் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எஸ்ஹெச்ஏ256 என்ற 64 எழுத்துகள் கொண்ட சரிபார்ப்புக் குறி தரப்பட்டிருக்கும். 7-ஜிப் மென்பொருள் இருந்தால் ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து, சிஆர்சி எஸ்ஹெச்ஏ பட்டியலில் எஸ்ஹெச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்களில் வரும் குறியைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டியதுதான்.

5. மெய்நிகர் கணினியை உருவாக்குதல்

விர்ச்சுவல்பாக்ஸில் நியூ பொத்தானை அழுத்தி, கணினிக்கு ஒரு பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள். கோப்பைக் காட்டியதும் இயங்குதளத்தின் வகையை மென்பொருளே கண்டுகொள்ளும்.

இங்கேதான் புதியவர்கள் விழும் பெரிய குழி இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 7 முதல், எந்தக் கேள்வியும் கேட்காமல் தானாகவே நிறுவிக்கொள்ளும் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன் முறை முன்னிருப்பாக இயங்குகிறது. வசதியாகத் தோன்றினாலும் அதை விட்டுவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு பயனர்பெயரும் 'சேஞ்ச்மீ' என்ற கடவுச்சொல்லும் கொண்ட கணக்கு உருவாகும். அந்தக் கணக்குக்கு உபுண்டுவில் சூடோ அதிகாரம் (நிர்வாகியாகச் செயல்படும் உரிமை) இருக்காது என்பதால், உள்ளே சென்ற பிறகு ஒரு மென்பொருளைக்கூட நிறுவ முடியாமல் நிற்பீர்கள். ஆகவே அந்த முறையை அணைத்துவிடுங்கள். சில பதிப்புகளில் 'ஸ்கிப்' என்ற பெட்டியில் டிக் குறி இட வேண்டும், சிலவற்றில் 'புரொசீட்' என்ற பெட்டியிலிருந்து டிக் குறியை எடுக்க வேண்டும். வாக்கியத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். படத்தைப் பார்த்துச் செய்தால் நேர்மாறாகிவிடும்.

அடுத்து ரேமும் செயலியும். நகர்த்துக்கட்டையின் பச்சைப் பகுதியைத் தாண்டாதீர்கள். மொத்தம் 8 ஜிபி உள்ள கணினியில் 4 ஜிபி, 16 ஜிபி உள்ளதில் 6 முதல் 8 ஜிபி வரை கொடுக்கலாம்; பாதிக்கு மேல் போக வேண்டாம். செயலியில் 2 கோர் போதும். கெஸ்ட்டுக்கு அதிகம் கொடுத்தால் அது வேகமாக ஓடும் என்று தோன்றும். ஹோஸ்ட் திணறத் தொடங்கினால் அதன் மேல் ஓடும் கெஸ்ட்டும் சேர்ந்தே திணறும். உபுண்டுவுக்கு இஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) பெட்டியை இருந்தபடியே விட்டுவிடலாம்.

வட்டுக்கு 40 ஜிபி கொடுங்கள். ப்ரீ-அலொகேட் என்ற பெட்டியில் குறி இடாவிட்டால் அது வளரும் வகை வட்டாக அமையும். 40 ஜிபி என்று நீங்கள் சொன்னாலும் கெஸ்ட் உண்மையில் பயன்படுத்தும் அளவே ஹோஸ்ட்டில் இடம் பிடிக்கும். ஆனால் கெஸ்ட்டுக்குள் கோப்புகளை அழித்தாலும் வளர்ந்த வட்டு தானாகச் சுருங்காது. பிற்பாடு வட்டைப் பெரிதாக்க முடியும் என்றாலும், அதன் பிறகு கெஸ்ட்டுக்குள் சென்று வட்டுப் பிரிவையும் (பார்ட்டிஷன்) விரிவாக்க வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு அது தேவையற்ற அலைச்சல் என்பதால்தான் குறைந்தபட்ச அளவான 25 ஜிபியோடு நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

உருவாக்கி முடித்ததும், தொடங்கும் முன் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குச் சென்று வீடியோ மெமரியை 128 எம்பியாக உயர்த்துங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்றே இருக்கட்டும். 3டி ஆக்சிலரேஷனை முதலில் அணைத்தே வையுங்கள். கறுப்புத் திரையும் மினுக்கலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

6. நிறுவுதல்

ஸ்டார்ட் அழுத்தியதும் கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டியல் வரும்; ட்ரை ஆர் இன்ஸ்டால் உபுண்டு என்ற முதல் வரியில் என்டர் அழுத்துங்கள். சுட்டி கெஸ்ட் சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்தினால் விடுபடும். மேக்கில் அது இடப்பக்கக் கமாண்ட் விசை.

மொழி, விசைப்பலகை, இணைய இணைப்பு என்று கேள்விகள் வரும். விசைப்பலகை இப்போதைக்கு ஆங்கிலமாகவே இருக்கட்டும். கடவுச்சொல் தட்டச்சுவதில் குழப்பம் வராது, தமிழ் விசைப்பலகையைப் பிறகு செட்டிங்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவி மென்பொருளுக்கே புதிய பதிப்பு இருக்கிறது என்று கேட்டால் தவிர்த்துவிடலாம். இன்டராக்டிவ் இன்ஸ்டாலேஷன், பிறகு டிஃபால்ட் செலக்‌ஷன் என்று தேர்ந்தெடுங்கள். சாளரம் சிறிதாக இருந்து கீழே உள்ள பொத்தான்கள் மறைந்துபோனால், வியூ பட்டியலில் விர்ச்சுவல் ஸ்க்ரீன் என்பதற்குள் சென்று திரையின் அளவை மாற்றுங்கள்.

பிறகு, வட்டை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவலாமா என்ற கேள்வி வரும். பலர் இங்கே அஞ்சிப் பின்வாங்கிவிடுகிறார்கள். அது அழிக்கப்போவது நீங்கள் 5-ஆம் படியில் உருவாக்கிய வெற்று மெய்நிகர் வட்டை மட்டுமே. உங்கள் உண்மையான வட்டு அதன் கண்ணுக்கே தெரியாது. துணிந்து எரேஸ் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டின் அளவு 40 ஜிபிக்கு அருகில் காட்டப்படுவதைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். (இதே கேள்வி, மெய்நிகர் கணினி இல்லாமல் உண்மையான கணினியில் நேரடியாக நிறுவும்போது வந்தால் கதை வேறு, அங்கே எல்லாம் உண்மையாகவே அழிந்துவிடும்.)

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, நேர மண்டலத்தைத் தேர்ந்து, இன்ஸ்டால் அழுத்துங்கள். எஸ்எஸ்டியில் அரைமணி நேரத்துக்குள் முடியும். சுழலும் வட்டில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஹோஸ்ட் கணினி தூக்க நிலைக்குப் போகாதபடி மின்னிணைப்பில் வைத்திருங்கள்.

முடிந்ததும் மறுதொடக்கம் செய்யச் சொல்லும். நிறுவல் வட்டை அகற்றிவிட்டு என்டர் அழுத்துமாறு ஒரு வரி வரும். பெரும்பாலும் வட்டு தானாகவே அகற்றப்பட்டிருக்கும், என்டர் அழுத்தினால் போதும். மறுபடியும் நிறுவல் திரையே வந்தால், கெஸ்ட்டை அணைத்துவிட்டு செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று ஐஎஸ்ஓவை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

7. விண்டோஸ் 11-ஐ கெஸ்ட்டாக நிறுவுவோருக்கு

படிகள் ஏறத்தாழ இவையே. ஆனால் 4 ஜிபி ரேம், 2 கோர், 64 ஜிபி வட்டு என்பவை கட்டாயம். இஎஃப்ஐ, செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சில்லு) ஆகிய மூன்றும் செட்டிங்ஸில் இயங்க வேண்டும். டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-இல்தான் வந்தன, பழைய பதிப்பு வைத்திருந்தால், இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்ற செய்தியோடு நிறுவல் நின்றுவிடும்.

தொடங்கியவுடன், ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு சில விநாடிகள் மட்டும் ஒரு வரி தோன்றி மறையும். அந்த நொடியில் சாளரத்துக்குள் சொடுக்கி ஒரு விசையை அழுத்தாவிட்டால் நிறுவல் தொடங்காது. ரீசெட் செய்து மறுபடி முயலுங்கள். நிறுவலின் நடுவே கணினி தானாக மறுதொடங்கும்போது அதே வரி மீண்டும் வரும். அப்போது எதையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் நிறுவல் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

சாவி கேட்கும் இடத்தில், சாவி இல்லை என்று சொல்லித் தொடரலாம். சோதித்துப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டு மையத்தில் 90 நாள்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பு சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. உரிமச் சாவிகளை மலிவாக விற்கும் தளங்களை நாடாதீர்கள்.

8. கெஸ்ட் அடிஷன்ஸ்

உபுண்டு வந்துவிட்டது, ஆனால் திரை சிறிதாக இருக்கிறது, ஹோஸ்ட்டில் நகலெடுத்ததை உள்ளே ஒட்ட முடியவில்லை என்ற நிலையில்தான் பலர் இந்த மென்பொருளே சரியில்லை என்று கைவிடுகிறார்கள். மீதம் இருப்பது இந்தப் படிதான்: திரையையும் நகலெடுத்தலையும் சரிசெய்யும் இயக்கிகளின் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸை கெஸ்ட்டுக்குள் நிறுவுவது.

முதலில் கெஸ்ட்டுக்குள் மென்பொருள் இற்றைப்படுத்தலை முடித்து மறுதொடங்குங்கள். பிறகு டெர்மினலில், மென்பொருள் நிறுவும் கட்டளையான ஏப்ட் வழியாக பில்ட்-எசென்ஷியல், பிஜிப்2 ஆகிய இரண்டு பொதிகளை நிறுவுங்கள். கெஸ்ட் அடிஷன்ஸ் தன் இயக்கிகளை உங்கள் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்பத் தொகுத்துக்கொள்ள இந்தக் கருவிகள் வேண்டும். இவை இல்லாமல் ஓட்டினால் பாதியில் பிழை காட்டும். அடுத்து சாளரத்தின் டிவைசஸ் பட்டியலில் இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ் என்பதை அழுத்தினால், உபுண்டுவின் ஓரப்பட்டையில் ஒரு குறுந்தட்டுச் சின்னம் தோன்றும். அதைத் திறந்து உள்ளே இருக்கும் ஆட்டோரன் கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து, ரன் அஸ் எ புரோகிராம் என்பதைத் தேர்ந்து, கடவுச்சொல் கொடுங்கள். ஓரிரு நிமிடங்களில் முடியும். மறுதொடங்கியதும் சாளரத்தை இழுத்தால் திரையும் கூடவே விரிய வேண்டும்.

நகலெடுத்து ஒட்ட, டிவைசஸ் பட்டியலில் ஷேர்டு கிளிப்போர்டு என்பதை பைடைரக்‌ஷனல் என்று மாற்றுங்கள். அப்படியும் வேலை செய்யாவிட்டால், உபுண்டுவிலிருந்து வெளியேறி, கடவுச்சொல் கேட்கும் திரையின் கீழ்மூலையில் உள்ள பல்சக்கரச் சின்னத்தை அழுத்தி, உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க் என்பதைத் தேர்ந்து உள்நுழையுங்கள்.

கோப்புகளைப் பரிமாற ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியில் ஹோஸ்ட்டின் ஒரு கோப்புறையைச் சேர்த்து, ஆட்டோ-மவுண்ட் பெட்டியில் குறி இடுங்கள். கெஸ்ட்டில் அதைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். உங்கள் பயனர் கணக்கை விபாக்ஸ்எஸ்எஃப் என்னும் குழுவில் சேர்த்து மறுதொடங்கினால் சரியாகும். ஒன்றை மறவாதீர்கள்: பகிர்ந்த கோப்புறை ஹோஸ்ட்டின் பக்கத்தைச் சேர்ந்தது. கெஸ்ட்டுக்குள் இருந்து அதில் ஒரு கோப்பை அழித்தால் அது உண்மையாகவே அழியும். முழு டிரைவையும் பகிராமல், இதற்கென்றே ஒரு தனிக் கோப்புறையை வைத்துக்கொள்ளுங்கள்.

9. பிணைய அமைப்பு

முன்னிருப்பான நாட் முறையில் கெஸ்ட்டுக்கு இணையம் கிடைக்கும். வெளியிலிருந்து எவரும் கெஸ்ட்டை அணுக முடியாது. பெரும்பாலோர்க்கு இதுவே போதும். வீட்டிலுள்ள வேறு கருவிகள் கெஸ்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் பிரிட்ஜ்டு அடாப்டருக்கு மாற்றுங்கள்.

10. ஸ்னாப்ஷாட், அணைத்தல், அகற்றல்

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியானதும், வேறு எதையும் நிறுவும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அது கெஸ்ட்டின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும். பிறகு எதைக் கெடுத்தாலும் ஒரே சொடுக்கில் திரும்பிவிடலாம். ஆனால் அது காப்புநகல் ஆகாது. மூல வட்டுக் கோப்பு பழுதடைந்தால் ஸ்னாப்ஷாட்டும் பயனற்றுப்போகும். ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை இடம் மிச்சப்படுத்துவதற்காகக் கையால் அழித்துவிடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இருந்தே நீக்குங்கள்.

சாளரத்தை மூடும்போது மூன்று வழிகள் காட்டப்படும். சேவ் த மெஷின் ஸ்டேட் என்பது இருந்த நிலையிலேயே உறைய வைக்கும். சென்ட் த ஷட்டவுன் சிக்னல் என்பது முறைப்படி அணைக்கும். பவர் ஆஃப் என்பது மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். கெஸ்ட் உறைந்துபோனால் தவிர அதைத் தொடாதீர்கள்.

மெய்நிகர் கணினியை வேறு டிரைவுக்கு மாற்ற, கோப்புறையை வெட்டி ஒட்டாதீர்கள். பட்டியலில் பெயரின் மேல் வலச்சொடுக்கு செய்து மூவ் என்பதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது இன்ஆக்சஸிபிள் என்று காட்டும். இனி வேண்டாம் என்று முடிவு செய்தால் ரிமூவ் அழுத்துங்கள். அப்போது கேட்கும் கேள்வியில், பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும் வழியைத் தேர்ந்தால் பல ஜிபி கோப்புகள் வட்டிலேயே கிடக்கும். அவற்றையும் சேர்த்து அழிக்கும் வழியைத் தேர்ந்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அழிக்கும் முன், கெஸ்ட்டுக்குள் நீங்கள் எழுதி வைத்தவற்றைப் பகிர்ந்த கோப்புறை வழியாக வெளியே எடுத்துவிடுங்கள்.